ஒத்த வயசு

மருமகளின் அண்ணன் வந்து பேசிவிட்டுப் போன அன்று, வெல்டர் ஒரே ஜன்னல் சட்டக் குழாயில் இரண்டு இடத்தில் ஓட்டை விழவைத்தார். மெல்லிய குழாயில் வெல்டிங் ராடைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினால் இரும்பு வழிந்து ஓட்டை விழும். அது தொழில் பழகுகிறவன் செய்கிற தப்பு. தலை நரைத்தபின் அவருக்கு அது நடந்ததேயில்லை. முகமூடியைத் தூக்கிவிட்டு ஓட்டையைப் பார்த்தார். அடைப்பதற்கு இன்னொரு ராடு செருகினார். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. மெஷினை அணைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்.

அவன் வந்து பேசியது ஒன்றும் அநியாயமான பேச்சு இல்லை. அதுதான் அவரை அதிகம் குடைந்தது.

"மாமா, நான் சுத்தி வளைக்கல. தங்கச்சியை ஒருத்தர் கேக்கறாரு. ஸ்கூல் பஸ் ஓட்டறவரு. மனைவி நோயில மவுத்தாயிட்டாங்க. நல்ல மனுஷன்."

"புருஷன் இருக்கறவளை எப்படிப்பா கேப்பாங்க?"

"இருக்காருன்னு யாரு மாமா சொன்னா?"

"இல்லைன்னு யாரு சொன்னா?"

 "நீங்க நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்டயே கேளுங்க மாமா. அவர் கூடாதுன்னா நான் இதுக்கு மேல வாய் திறக்கல" என்றான் அண்ணன்காரன்.

இதைக் கேட்டதும் வெல்டருக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது. ஹஜ்ரத்தைக் கேட்பது என்பது அவருடைய சொந்த மைதானம். மார்க்க விஷயம் எதையும் தன் மூளைக்கு வேலை கொடுத்து அவர் முடிவு செய்ததில்லை. சாராயக் கடைக்கு ஷட்டர் அடித்துத் தரச் சொன்னார்கள். கேட்டார், கூடாது என்றார்கள், விட்டார். நகத்தில் ரெட் ஆக்சைடு பெயிண்ட் ஒட்டியிருந்தால், தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளு செல்லுமா என்று கேட்டார், தண்ணீர் படாது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து பாங்கு சொல்வதற்கு முன்பே மண்ணெண்ணெய்த் துணியும் கையுமாக உட்கார்ந்து நகம் நகமாகத் தேய்ப்பார். மகன் வீட்டில் இருந்த காலத்தில் இதைப் பார்த்துச் சிரிப்பான்.

"அல்லா மூளையை எதுக்குத்தான் குடுத்தான் வாப்பா?"

"கண்ணுல தீப்பொறி விழுந்தா நீயே ஊசியால எடுத்துக்குவியா, டாக்டர்கிட்ட போவியா?"

"டாக்டர்கிட்டதான் போவேன்."

"அப்ப வாயை மூடு."

அந்த மகன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போனான். கல்யாணம் ஆகி ஆறு மாதம் கூட ஆகியிருக்கவில்லை. புயலில் கப்பல் முழுகியது. சிலர் மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடைத்தார்கள், சிலர் சடலமாகக் கிடைத்தார்கள், மகன் எந்தப் பக்கமும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அஞ்சு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் யாரும் அவனை 'இருந்தான்' என்று சொன்னதில்லை. 'இருக்கிறான்' என்றும் சொன்னதில்லை. அவன் பேச்சு வந்தால் எல்லாரும் வினைச்சொல்லுக்கு முன்பே நிறுத்திக்கொள்வார்கள்.

ஹஜ்ரத் வயதில் சின்னவர். மகனைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். பள்ளிவாசல் பக்கத்து அறையில் உட்காரவைத்து, வெல்டர் சொன்னதை எல்லாம் கேட்டார். வெல்டருக்குப் பதில் தெரியும். அதை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு எழுந்துபோகத்தான் வந்திருந்தார்.

"உங்க மருமகளுக்கு வழி இருக்கு பாய்," என்றார் ஹஜ்ரத்.

"என்ன வழி?"

"விஷயம் காஜிகிட்ட போகணும். அவர் விசாரிப்பாரு. சாதாரணமா காணாமப் போனவருக்கு நாலு வருஷம் தவணை குடுப்பாங்க. இங்க கப்பல் முழுகினது ஊரறிஞ்ச சேதி. அதுக்கப்புறம் தகவலே இல்லைன்னு குடும்பத்துல சாட்சி சொன்னா, மவுத்துன்னு தீர்ப்பு குடுக்க இடம் இருக்கு. அப்புறம் அவங்க விதவையா வீட்டோட இத்தா இருக்கணும். இத்தா முடிஞ்சா அவங்க விருப்பம்."

"நம்ம மத்ஹப்லயா, நம்ம சட்ட வழியிலயா இப்படி?"

"நம்ம மத்ஹப்ல பழைய சட்டம் வேற மாதிரி. காணாமப் போனவரோட ஒத்த வயசுக்காரங்க எல்லாம் மவுத்தாகிற காலம் வரைக்கும் காத்திருக்கணும்னு. ஆனா பொம்பளைங்க படற பாட்டைப் பாத்துட்டு, நம்ம ஆலிம்களே மாலிக்கி மத்ஹப் சட்டத்தை எடுத்துக்கிட்டாங்க. இது நான் கண்டுபிடிச்சது இல்ல பாய்."

வெல்டர் மற்றதை விட்டுவிட்டார். 'பழைய சட்டம்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் மடியில் முடிந்துகொண்டு எழுந்தார். சின்னப் பையன், என்று நினைத்துக்கொண்டார். ஓதினது போதாது. பெரியவங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறுவாரம் அவர் பஸ் ஏறினார். வீட்டில், இரும்புக் கடைக்குப் போவதாகச் சொன்னார். இரண்டு ஊர் தாண்டி ஒரு மதரஸாவில் மார்க்கத் தீர்ப்பு சொல்லும் பெரிய முஃப்தி ஒருவர் இருந்தார். பழைய காலத்து ஆள், கறார் பேர்வழி என்று பெயர். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போக, வெல்டர் கேள்வியை மனதுக்குள் அளவெடுத்து வெட்டிக்கொண்டே போனார். எந்த முனை வேண்டும், எந்த முனை வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முஃப்திக்குக் காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேச வேண்டியிருந்தது. அதனால் சொன்னதெல்லாம் அறை முழுக்க எதிரொலித்தது.

"மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனான். அஞ்சு வருஷமா சேதி இல்ல."

"போன், கடிதம்?"

"எதுவும் இல்ல."

"மருமகளுக்குச் சாப்பாடு, துணிமணி?"

"ஒரு குறையும் இல்ல. எங்களோடதான் இருக்கா."

"அந்தப் பொண்ணு பொறுமையா இருக்கச் சம்மதமா?"

வெல்டர் ஒரு நொடி தயங்கினார். "சம்மதம்" என்றார். காது கேட்காத மனிதருக்காக மறுபடியும் சத்தமாக, "சம்மதம்தான்!" என்று சொல்ல வேண்டிவந்தது.

"அப்படின்னா என்ன அவசரம்? நம்ம மத்ஹப்ல அசல் சட்டம் காத்திருக்கறதுதான். அவரோட ஒத்த வயசுக்காரங்க காலம் முடியற வரைக்கும் அவர் உயிரோட இருக்கறதாத்தான் கணக்கு."

உயிரோட இருக்கறதாத்தான் கணக்கு. வெல்டர் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. வெகுநாளைக்கப்புறம் பசி எடுத்தது. ஆனால் பாதி வழியிலேயே அந்தச் சந்தோஷம், ஒட்டாத வெல்டிங் மாதிரி, தட்டினால் விட்டுவிடும் என்று தோன்ற ஆரம்பித்தது. தட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே பஞ்சர் கடைக்காரன். மகனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். டயர்க் குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா! வெயில்ல எங்க போயிட்டு வர்றீங்க? உக்காருங்க, வண்டில விட்டுடறேன்."

"வேணாம்ப்பா."

"அட, உக்காருங்கன்னா." அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எழும்போது இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நீளமாகவே இருமினான்.

வெல்டர் அவனை உற்றுப் பார்த்தார். ஒத்த வயசு. இவன் ஒருத்தன். பால் கடையில் இருக்கிறவன் ஒருத்தன். தையல்காரர் மகன் ஒருத்தன். இவர்கள் எல்லாரும் போய்ச் சேர வேண்டும், அதற்கப்புறம்தான் மகனுடைய கணக்கு... இந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது?

தான் எதை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் அவருக்கு உடம்பு கூசிவிட்டது.

"இருமலுக்கு மருந்து சாப்பிடு," என்றார், கிட்டத்தட்டத் திட்டுகிற குரலில். "அலட்சியமா இருக்காதே. நல்லா இருக்கணும் நீ. கேக்குதா?"

அவன் ஒன்றும் புரியாமல் சிரித்தான். வெல்டர் வண்டியில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மருமகள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வரும்போது விரல் இடுக்கில் வெள்ளைச் சுண்ண மாவும், சட்டைக் கையில் ரோஸ் மெழுகும் ஒட்டியிருக்கும். அன்றும் கையைக் கழுவிவிட்டு வந்து, மாமியாரோடு சேர்ந்து சோறும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். வெல்டர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"பெரிய முஃப்தியைப் பாத்துட்டு வந்தேன்."

மனைவியின் கை கரண்டியோடு நின்றது. "இரும்புக் கடைக்குன்னு சொன்னீங்க?"

"அங்கயும்தான். அவரு தெளிவா சொல்லிட்டாரு. காத்திருக்கணும். அவனோட ஒத்த வயசுக்காரங்க காலம் வரைக்கும் அவன் உயிரோட இருக்கறதாத்தான் கணக்கு. நம்ம மத்ஹப்ல அதான் சட்டம். நானா சொல்லல."

 மருமகள் தட்டில் ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மனைவிதான் கேட்டாள். "கப்பல் முழுகினதைச் சொன்னீங்களா?"

"சேதி இல்லைன்னு சொன்னேன்."

"அது இல்ல நான் கேட்டது. கப்பல் முழுகிப்போச்சுன்னு சொன்னீங்களா?"

வெல்டர் தண்ணீர் குடித்தார். டம்ளரில் தண்ணீர் தீர்ந்தபிறகும் வாயில் வைத்திருந்தார்.

"அப்ப அவரு யாரைப் பத்தித் தீர்ப்பு சொன்னாரு?" என்றாள் மனைவி. "வேற எவனோ ஒருத்தனைப் பத்திச் சொல்லியிருக்காரு. நம்ம புள்ளையைப் பத்தி இல்ல."

"நீ பெத்தவதானே? உனக்கு மட்டும் எப்படி மனசு வருது?"

"பெத்ததனாலதான் தெரியுது. சேதி வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மூஞ்சியைப் பாத்துதான் அழுகையை அடக்கி வச்சிருக்கேன். நானும் எத்தனை வருஷம் வெங்காயம் நறுக்கறப்ப மட்டுமே அழறது?"

மருமகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"மாமா, என் இஷ்டப்படி நடக்கறதா இருந்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். வேற யாரையாவது கட்டியிருப்பேன். ஆனா உங்க மகன் ஒருவேளை திரும்பி வந்து நின்னா, அவர் முகத்தைப் பாத்து, நான் சட்டப்படிதான் நடந்தேன்னு சொல்ல முடியணும். அதுக்காகத்தான் ஹஜ்ரத்கிட்ட கேக்கச் சொன்னேன்."

"நீதான் கேக்கச் சொன்னியா?"

"ஆமா. அண்ணனை அனுப்பினதே நான்தான். பஸ்காரரை எனக்குப் புடிச்சிருக்கு மாமா. லேப் வாசல்ல பாத்திருக்கேன், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா எனக்கு வாழணும்னு ஆசையா இருக்கு. அது தப்பா?"

வெல்டர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தார்.

"டாக்டர்கிட்ட போகணும்னு நீங்க சொல்வீங்களாமே, உங்க மகன் சொல்லியிருக்காரு. சரி, போகணும். ஆனா ஒரு டாக்டர் சொன்னது புடிக்கலைன்னு, நோயை மறைச்சு இன்னொரு டாக்டர்கிட்ட மருந்து வாங்கிட்டு வந்திருக்கீங்க. அந்த மருந்தை நான் சாப்பிடணும்."

அவள் குரல் உயரவேயில்லை. எழுந்து தட்டுகளைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள்.

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன் மாமா. கோவத்துல இல்ல. காஜி விசாரணைக்கு அண்ணன் மனு குடுத்திருக்கு. உங்களையும் கூப்பிடுவாங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க."

அதற்கப்புறம் வந்த நாட்களில் வெல்டருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறைக்குப் போவார், மெஷினைப் போடுவார், ஒரு புள்ளி பற்றவைத்துவிட்டு அணைப்பார். கசடு தட்டுகிற சுத்தியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு தேடுவார். தொழுகையில் நின்றால் எத்தனை ரக்அத் ஆயிற்று என்ற நினைவு தப்பும். சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது, குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மீதியைத் தொழுதார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபிறகு அதிலும் சந்தேகம் வந்தது.

பெரிய முஃப்தி சொன்னது பொய்யில்லை. கிதாபில் இருப்பதுதான். சின்ன ஹஜ்ரத் சொன்னதும் கிதாபில் இருப்பதுதான். இரண்டில் எது வேண்டும் என்று பொறுக்கியது யார்? தன் மூளையை நம்பாத மனிதன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர், இப்போது யோசித்தால், மூளையைத்தான் பஸ் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார். மகன் குறும்பாகக் கேட்டபோதெல்லாம் வாயை மூடச் சொன்னவர். அவனாவது எதிரே நின்று வெளிப்படையாகத்தான் வாதாடினான்.

விசாரணைக்கு முந்தின நாள் மனைவியிடம் கேட்டார். "நான் என்ன சொல்லட்டும்?"

"அதையும் என்கிட்டயா? முதல்ல ஹஜ்ரத், அப்புறம் முஃப்தி, இப்ப நானா?" அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சட்டம் என்னன்னு அவங்க சொல்வாங்க. நம்ம வீட்டுல என்ன நடந்ததுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதை நாமதானே சொல்லணும்."

பள்ளிவாசல் அறையில் காஜி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஹஜ்ரத் ஓரத்தில். மருமகளின் அண்ணன் சுவரோடு நின்றான். மருமகள் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரும் வழியாக வந்து அமர்ந்திருந்தாள். அவள் செருப்பு வாசலில் கிடந்ததை வெல்டர் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பெரிய முஃப்தியின் வார்த்தை இன்னமும் அவர் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. சொன்னால் காஜிகூட யோசிப்பார். தள்ளிவைப்பார். ஒரு வருஷம் போகும், இரண்டு வருஷம் போகும்.

"நீங்க தகப்பனார்," என்றார் காஜி. "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. அவர் போன கப்பல் எது, என்ன ஆச்சு?"

வெல்டர் கப்பலின் பெயரைச் சொன்னார். எந்த மாதம் என்று சொன்னார். "முழுகிப்போச்சு," என்றார்.

"அதுக்கப்புறம் உங்க மகன்கிட்டேருந்து ஏதாவது தகவல் வந்ததா?"

"கம்பெனிலேருந்து வந்தாங்க..."

"அவர்கிட்டேருந்து வந்ததா?"

"இல்ல."

"பாத்ததா யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"அவர் உயிரோட இருக்காருன்னு நம்பறதுக்கு உங்ககிட்ட ஏதாவது காரணம் இருக்கா?"

 வெல்டருக்கு எத்தனையோ சொல்லலாம் போலிருந்தது. அவன் நீச்சல் தெரிந்தவன். முரடன். சாப்பாடு இல்லாமல் தாக்குப்பிடிப்பான். தெரியாத ஊரில் பாஷை தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாமே அவருடைய ஆசை. ஒன்றுகூட மகனிடமிருந்து வந்தது இல்லை.

"நான் வாப்பா," என்றார். "அதைத் தவிர வேற காரணம் இல்ல."

 ஹஜ்ரத் எழுந்து வந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தார். காஜி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, தீர்ப்பைச் சொன்னார். சாவுச் சேதிக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியை எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. வெல்டருக்கு முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. மருமகள் அழுது அவர் கேட்டதில்லை. சேதி வந்த அன்றுகூட அவள் அழவில்லை. அழலாமா கூடாதா என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

காஜி இத்தாவைப் பற்றிச் சொன்னார். இன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள். கணவன் வீட்டில், வெளியே போகாமல் இருக்க வேண்டும்.

வெல்டர் நிமிர்ந்தார். "எந்த வீட்டுல?"

"அவர் வாழ்ந்த வீட்டுல. உங்க வீட்டுலதான் பாய். வேற இடைஞ்சல் ஏதும் இருக்கா?"

"இல்ல," என்றார் வெல்டர். "ஒரு இடைஞ்சலும் இல்ல."

அன்று சாயங்காலமே அண்ணன் அவளைக் கொண்டுவந்து விட்டான். அதே பை. மனைவி வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே அழுதார்கள், வெங்காயமும் கத்தியும் எதுவும் இல்லாமல். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பக்கத்து வீட்டார் பாய் விரித்தார்கள். பஞ்சர் கடைக்காரன் கை கழுவாமலே ஓடிவந்து வெல்டரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினான். வெல்டர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மூன்று நாள் ஜனம் வந்து போயிற்று. நாலாம் நாள் காலையில் மருமகள், வீங்கிய கண்ணோடு, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு பெரியவருக்குப் பல் செட் பாதில நிக்குது. மெழுகுல அடுக்கி வச்சுட்டு வந்துட்டேன். பகல்ல போய் முடிச்சுக் குடுத்துட்டு வந்துடலாமா? இத்தாவுல கூடுமா?"

வெல்டர் அவளைப் பார்த்தார். பல் இல்லாமல் எங்கேயோ ஒரு மனிதர் கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"எனக்கென்னமோ கூடும்னுதான் தோணுது," என்றார்.

மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மாதிரி ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

"ஆனா இரு," என்று எழுந்து சட்டையை மாட்டினார். "ஹஜ்ரத்தைக் கேட்டுட்டு வந்துடறேன்."

செருப்பில் கால் வைத்தவர் நின்றுவிட்டார். திரும்பி வந்தார்.

"எத்தனை மணிக்குப் போவே? பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவியா? அங்க வேற ஆள் யாராவது முடிக்க முடியுமா, நீதான் முடிக்கணுமா? நீயா விரும்பிப் போறியா, இல்ல அவங்க நெருக்கறாங்களா? அந்தப் பெரியவருக்குப் பல்லு கொஞ்சமாவது இருக்கா, ஒண்ணுமே இல்லையா? எல்லாத்தையும் சொல்லும்மா. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். வெல்டர் வாசல்படியில் நின்று, தலையை அவள் பக்கம் சாய்த்து, கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொண்டார்.